வெந்நீர்ப் பை

முடிச்சு இடப்பக்கம் இருந்தது.

தாடையைச் சுற்றி உச்சந்தலைவரை ஏற்றிக் கட்டிய துணிக்கட்டு. இறுக்கம் சரி, மடிப்பும் சரி. அவள் கட்டியிருந்தால் முடிச்சு வலப்பக்கம் வந்திருக்கும். இருபத்து மூன்று வருடங்களாக அடுத்த பெண்களின் புருஷன்களுக்கு அவள் வலப்பக்கம்தான் முடிச்சுப் போட்டு வந்திருக்கிறாள்.

வார்டில் போடும் வெள்ளைக் காலணியோடு வீட்டில், புருஷனின் கட்டிலருகே நின்றாள். கைப்பை தோளிலேயே இருந்தது. மணி காலை ஆறேகால்.

எல்லாம் முடிந்திருந்தது. கண்களை மூடி, உடம்பைத் துடைத்து, குழாய்களை எடுத்து, விரிப்பை மாற்றி, அதன் நான்கு மூலைகளையும் ஆஸ்பத்திரி மடிப்பாகச் செருகி, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டிருந்தது. மருந்துப் புட்டிகள் கண்ணில் படவில்லை. அறையில் சோப்பு வாசம்.

"நீங்க வந்து பார்க்கிறப்ப நல்லா இருக்கணும்னுதான் சிஸ்டர்," என்றாள் பிளாஸ்க் அம்மா. ராத்திரிகளுக்கு வீட்டில் வைத்திருந்த நர்ஸ். சுவரோரம் நின்றிருந்தாள்.

"ம்."

வீட்டார் பார்க்கும் முன் சுத்தம் செய்துவிட வேண்டும். புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. கடைசியாகப் பார்த்த முகம்தான் வீட்டாரிடம் தங்கும் என்பாள். தானும் ஒருநாள் வீட்டாராக நிற்கலாம் என்பது அந்தப் பாடத்தில் வராது.

வண்டியில் வரும்போது வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேசின், மூன்று துண்டு, அவர் போடும் சோப்பு. முதலில் முகம். பிறகு கைகள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள். இப்போது அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தலையும் சீவியிருந்தது. வகிடு இடப்பக்கம்.

நான்கு மாதமாக இதே கதைதான். ராத்திரி பிளாஸ்க் அம்மா இடப்பக்கம் வகிடு எடுப்பாள். காலையில் வந்ததும் இவள் கலைத்து வலப்பக்கம் எடுப்பாள். "ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு வகிடா? என் தலை என்ன பொது ரோடா?" என்பார் அவர்.

கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். ஈரத் துண்டால் முடியை நனைத்து, கலைத்து, வலப்பக்கம் வகிடு எடுத்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். தாடை அசையவில்லை. ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது, கட்டே தேவைப்படவில்லை. இருந்தும் கட்டினாள். முடிச்சு வலப்பக்கம் வந்தது.

பிளாஸ்க் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கமான குரலில் ராத்திரிக் கணக்கை ஒப்படைத்தாள். பத்து மணிக்கு வலி மருந்து. பன்னிரண்டுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர், அரை ஸ்பூன்தான் இறங்கியது. ஒரு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தது. மூன்றிலிருந்து மூச்சு மாறியது. நாலு பத்து.

"வேற?" என்றாள் இவள், வார்டில் கேட்பதுபோல.

"வேற ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

*

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன ஓர் இரவில், உள்ளே ஒரு நோயாளியோடும் தள்ளுவண்டியோடும் மாட்டிக்கொண்டவள் அவள். மேலிருந்து ஒரு டார்ச் வெளிச்சமும் குரலும் வந்தன. நாற்பது நிமிடம் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம்.

அவருக்குப் பகல் வேலை, அவளுக்கு ராத்திரி. காலையில் வாசலில் அரைமணி, மாலையில் வாசலில் அரைமணி. மகள் பிறந்த பிறகு அந்த அரைமணியில் மகளும் கைமாறினாள். பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அவர் இரண்டு முறை கேட்டார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. ராத்திரிப் படி வருகிறது என்று காரணம் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

உண்மையில் அவளுக்கு ராத்திரி பிடித்திருந்தது. டாக்டர்களின் ஊர்வலம் கிடையாது. பழப்பையோடு வரும் பார்வையாளர்கள் கிடையாது. ஒன்பது மணிக்கு விளக்கைக் குறைத்தால் முப்பது கட்டிலும் அவளுடையவை. இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் கண் விழித்திருப்பார். பகலெல்லாம் கேஸ் ஷீட்டாகக் கிடந்தவர் அப்போது மனுஷராகிப் பேசுவார். பெண்டாட்டியிடம் சொல்லாததைச் சொல்வார். அவள் கேட்பாள். காலையில் அதைப் பற்றி இருவரும் பேச மாட்டார்கள். ராத்திரிப் பேச்சு காலை ரிப்போர்ட்டில் வராது, அது வார்டின் எழுதாத சட்டம்.

மற்றதெல்லாம் வீட்டில் நடந்தது. படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி. பகலில் குக்கர் வைக்கக் கூடாது. மகள் சின்ன வயதிலேயே கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகினாள். கல்யாண வீடுகளில் அவள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் வலி வந்தது. காலையில் வந்து படுக்கும்போது அவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் சிவப்பு ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி முட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்.

ஈரலில் நோய் வந்தபோது இருந்த விடுப்பெல்லாம் ஆபரேஷனுக்கே போய்விட்டது. பதினான்கு நாள் மட்டும் மீதி வைத்திருந்தாள், கடைசிக்கு. கடைசி எப்போது என்று அவளுக்குத் தெரியும். பாதத்தைப் பார்ப்பாள். பாதம் சில்லிட்டு, தோலில் ஊதா நிறத்தில் வலைபோல ஏறத் தொடங்கினால், இன்னொரு காலை பார்ப்பது கஷ்டம். "இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்க" என்று எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறையும் தப்பியதில்லை.

அவள் டியூட்டிக்குப் போகும் ராத்திரிகளுக்கு ஆள் வைத்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், பருத்த உடம்பு, ஐம்பத்தெட்டு வயது. எங்கே போனாலும் ஒரு நீல பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவாள். முதல் நாளே அவர் பெயர் வைத்துவிட்டார். இவளை "மேட்ரன்" என்பார், அவளை "பிளாஸ்க் அம்மா".

தினமும் காலையில் இவள் கேட்பாள், "எப்படி இருந்தாரு?"

"நல்லாத் தூங்கினாரு சிஸ்டர்."

அந்தப் பதிலின் மதிப்பு இவளுக்குத் தெரியும். எத்தனையோ மனைவிகளிடம் இவளே சொன்ன பதில். அவர்கள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ராத்திரி ஏதாவது சொன்னாரா என்று கேட்க வாய் வரும், கேட்க மாட்டார்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது அவள் யோசித்ததில்லை.

ஒரு மாலை, கிளம்பியவள் அடையாள அட்டையை மறந்து திரும்பி வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கூடவே பிளாஸ்க் அம்மாவின் சிரிப்பு. இவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மேட்ரன்."

அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி ஒரு நோயாளியின் ஊசியை இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

*

நேற்று மாலை வழக்கம்போல ஏழரைக்கு, கிளம்பும் முன், போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்க்கப் போனாள். சாம்பல் நிற சாக்ஸ் போட்டிருந்தது.

"இது என்ன புதுசா?"

"குளிருது," என்றார்.

பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் இருந்தது. சாக்ஸின் மேலேயே கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. போர்வையை மூடிவிட்டுப் போனாள்.

நாலு இருபதுக்கு வார்டு போன் அடித்தது. மேற்பார்வை நர்ஸிடம் சொன்னாள். மாற்று ஆள் வரும்வரை கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முப்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். ஐந்து மணி ஊசிகளைப் போட்டாள். ஏழு பேருக்குக் காய்ச்சல் பார்த்து எழுதினாள். ஒன்பதாம் கட்டில்காரர், "ஏன் சிஸ்டர் கை இவ்வளவு சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டார். ஐந்து நாற்பதுக்கு ஆள் வந்தது. எல்லாக் கட்டிலையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

*

எட்டு மணிக்கு டாக்டர் வந்து சான்றிதழ் எழுதினார். நேரம் கேட்டார். நாலு பத்து என்றாள் பிளாஸ்க் அம்மா. அவர் எழுதிக்கொண்டார்.

புருஷனின் அக்கா வந்து தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் பிளாஸ்க் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்றாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து முதல் டீயை அவளுக்குக் கொடுத்தாள். இரண்டாவது டீயை இவளிடம் நீட்டும்போது குரல் தணிந்தது.

"ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் கண் முழிச்ச. உன் வீட்டு ஆளுக்கு ஆள் வச்ச."

"இருந்த லீவைக் கடைசிக்குன்னு வச்சிருந்தேன் அண்ணி."

"லீவு கேட்டா வரும் சாவு?"

அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். இவள் சீருடையை மாற்ற நினைத்தாள். மாற்றுடை அந்த அறை அலமாரியில்தான் இருந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

வேலையிடத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். இவள் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் தெரிந்தது. கேபிள். புருஷன் அந்தப் பெயர் வைத்துக் கதை கதையாகச் சொன்ன ஆள். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார் என்றும் சொல்லியிருந்தார்.

கேபிள் கட்டிலைப் பார்த்து நின்றார். பிறகு நேரே நாற்காலிக்குப் போய், ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த பிளாஸ்க் அம்மாவின் முன் குனிந்தார்.

"அண்ணி," என்றார். "கடைசி வரைக்கும் நீங்க இருந்தீங்க அண்ணி. அது போதும் அவருக்கு."

பிளாஸ்க் அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். கேபிள் அதை அழுகையாக எடுத்துக்கொண்டு திரும்பினார். சீருடையில் நின்ற இவளைப் பார்த்தார்.

"சிஸ்டர், அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

இவள் சமையலறைக்குப் போனாள். டம்ளரைக் கழுவினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பிளாஸ்க் அம்மாவிடம் நீட்டினாள். பிளாஸ்க் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரோ கேபிளின் காதில் சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

*

மகளிடமிருந்து போன் வந்தது. படிக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வந்து சேர மதியம் ஆகும். அழுகை முடிந்த குரலில் பேசினாள்.

"அம்மா, அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"நல்லாத் தூங்கினாருடி," என்றாள்.

"சரிம்மா" என்று மகள் வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முகம் கழுவினாள். துண்டுக்காகத் திரும்பியபோது கொக்கியில் சிவப்பு ரப்பர் பை தொங்கியது. மூடி கழற்றி, வாய் கீழே பார்க்க, நீர் வடியத் தொங்கவிட்டிருந்தது. நர்ஸ்கள் மட்டும்தான் அப்படித் தொங்கவிடுவார்கள். அவள் அதை வெளியே எடுத்து மூன்று வாரமாகிறது.

அறைக்குத் திரும்பினாள். ஆட்கள் கூடத்துக்கும் வாசலுக்கும் போயிருந்தார்கள். போர்வையைக் கால்பக்கம் தூக்கினாள். உடம்பு துடைத்த பிறகும் காலில் சாக்ஸ். ஒரு சாக்ஸை மெல்லக் கீழே தள்ளிப் பார்த்தாள். மறுபடி மேலே இழுத்துவிட்டாள்.

பிளாஸ்க் அம்மா நாற்காலியிலேயே இருந்தாள். மற்றவர்கள் யாரும் இல்லை. இவள் கதவைச் சாத்தினாள்.

"துடைச்சப்ப இதைக் கழட்டலையா?"

"கழட்டினேன். திரும்பப் போட்டேன்."

"ஏன்?"

"முட்டி வரைக்கும் ஏறியிருந்தது சிஸ்டர். பார்த்தீங்கன்னா எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"எப்ப ஆரம்பிச்சது?"

பிளாஸ்க் அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள். "நேத்து நான் வந்தப்பவே. ஏழு மணிக்கு. நீங்க அந்த ரூம்ல தலை வாரிக்கிட்டு இருந்தீங்க. கால் மரத்த மாதிரி இருக்கு, பாருங்கன்னாரு. பார்த்தேன். என் மூஞ்சியப் பார்த்து அவரு கண்டுபிடிச்சிட்டாரு."

"சாக்ஸ் யார் யோசனை?"

"அவருதான். மேல தொட்டுப் பார்ப்பா, சில்லுன்னு இருந்தா விட மாட்டா, அந்த வெந்நீர்ப் பைய வைங்கன்னாரு. பிளாஸ்க்குல இருந்துதான் ஊத்துனேன். நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்துக் கட்டிலுக்கு அடியில வச்சேன்."

"நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

பிளாஸ்க் அம்மா அவளைப் பார்த்தாள். "சொல்லியிருப்பீங்களா சிஸ்டர்?"

ஐந்து வருடத்துக்கு முன் இவள் வார்டில் பதினொன்றாம் கட்டிலில் ஒருவர், பெண்டாட்டியை டீ குடிக்க அனுப்பச் சொல்லிக் கண்ணால் கேட்டார். அவள் அனுப்பினாள். அந்தப் பெண் டீயோடு திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. "நீங்க போகட்டும்னுதான் காத்திருந்திருப்பாரு" என்று அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுச் சொன்னாள். எல்லா நர்ஸும் சொல்வது. பாதி நேரம் பொய்.

"ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"ராத்திரிப் பேச்சு சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

"நான் சிஸ்டரா கேக்கல."

கூடத்தில் அக்கா யாரிடமோ மீண்டும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"நீங்க இருந்தா மூச்ச எண்ணுவீங்களாம். கையப் பிடிச்சா நாடி பார்ப்பீங்களாம். நாலு மாசத்துல அவ சும்மா என் கையப் பிடிக்கலன்னாரு. கோவமா சொல்லல. சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாரு. எண்ணாத ஆள் யாராவது பக்கத்துல உக்காந்தா போதும்னாரு."

"நீங்க பிடிச்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எண்ணல."

"எண்ணல. நாலு பத்துன்னு சொன்னேனே, அது நான் நிமிர்ந்து கடிகாரத்தப் பார்த்த நேரம். எப்பன்னு எனக்குத் தெரியாது."

இவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்க் அம்மா எழுந்து, மடித்து வைத்திருந்த ஏப்ரனைப் பையில் திணித்தாள்.

"அந்த ஒல்லிக்காரரு என்னை அண்ணின்னு கூப்பிட்டதுக்கு மன்னிச்சிடுங்க. முதல் தடவை வந்தப்பவே அப்படித்தான் கூப்பிட்டாரு. மறுநாள் அதச் சொல்லித்தான் நாங்க சிரிச்சிக்கிட்டு இருந்தோம், நீங்க கார்டு எடுக்க வந்தப்ப. 'மேட்ரனுக்குத் தெரிஞ்சா காலையில உங்கள மாத்திவிட ரிலீவர் வராது'ன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்களான்னு அவருக்குத் தெரியல."

பிளாஸ்க் அம்மா பிளாஸ்க்கைக் கையில் எடுத்தாள். கதவுவரை போனாள்.

"அதுல வெந்நீர் இருக்கா?" என்று கேட்டாள் இவள்.

"இருக்கு. ராத்திரி திரும்ப நிரப்பினதுதான். இன்னும் சூடு இருக்கும்."

இவள் குளியலறைக்குப் போய்ச் சிவப்புப் பையைக் கொண்டுவந்தாள். வாயை விரித்துப் பிடித்தாள். பிளாஸ்க் அம்மா ஒன்றும் கேட்காமல் ஊற்றினாள். முக்கால் வந்ததும் நிறுத்தினாள். இவள் பையைக் கட்டிலின் மேல் சாய்த்து, மீதிக் காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்ற, பிளாஸ்க் அம்மா மூடியைத் திருகினாள். இவள் தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒழுகவில்லை.

"வர்றேன் சிஸ்டர்."

இவள் தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை. கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

பையைப் போர்வைக்கு அடியில் தள்ளி, பாதங்களுக்குக் கீழே வைத்தாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றினாள். அவருடைய கையை எடுத்தாள். இவள் விரல் தானாகவே மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே போய் நின்றது. அதை எடுத்து அவருடைய உள்ளங்கைக்கு மாற்றினாள். அவருடைய விரல்கள் மடங்கவில்லை.

வெளியே வண்டி எப்போது வரும் என்று யாரோ கேட்டார்கள். மூன்று மணி என்றார் கேபிள். அக்கா இவளைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை. எழுந்து, கால்பக்கம் போய், போர்வையை விலக்கிச் சாக்ஸின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.